கைக்குட்டையும் சட்டையும்: ஒதெல்லோவை நாம் வாசிக்கும் விதம்

"டீச்சர், ஒதெல்லோ நம்மட ஆளா?"

உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற ஒரு பிள்ளை என்னிடம் இப்படிக் கேட்டாள். ஷேக்ஸ்பியரின் அந்த நாடகத்துக்கு ‘வெனிஸ் நகரத்து மூர்’ என்றொரு துணைத் தலைப்பு இருப்பதை எங்கோ வாசித்திருக்கிறாள். எங்கள் பிறப்புச் சான்றிதழில் ‘இலங்கைச் சோனகர்’ என்று இருப்பது ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘மூர்’ ஆகிவிடுகிறது. ஆகவே கேள்வி நியாயமானதுதான். சிரித்துவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து அந்த நாடகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அவளுக்குச் சொன்ன பதிலைச் சொல்லிவிடுகிறேன். வட ஆபிரிக்காவிலும் ஸ்பெயினிலும் தாங்கள் எதிர்கொண்ட முஸ்லிம்களை அழைத்த பெயரைப் போர்த்துக்கேயர் கப்பலேறும்போது கூடவே கொண்டுவந்தார்கள். இங்கே கரையில் கண்ட முஸ்லிம்களுக்கும் அதையே ஒட்டிவிட்டுப் போனார்கள். நாடகத்தில் வரும் ஒதெல்லோ பிறப்பால் மூர். ஆனால் கிறிஸ்தவன்; வெனிஸ் அரசின் தளபதி; உஸ்மானியத் துருக்கியருக்கு எதிராகச் சைப்ரஸ் தீவைக் காக்க அனுப்பப்படுபவன். 1600ஆம் ஆண்டில் மொரோக்கோ சுல்தானின் தூதுவராக அப்துல் வாஹித் பின் மஸ்ஊத் என்பவர் லண்டனுக்கு வந்து, எலிசபெத் மகாராணியின் அரசவையில் பேச்சுவார்த்தை நடத்தி, ஏறக்குறைய ஆறு மாதம் அங்கே தங்கியிருந்தார். தலைப்பாகையும் வாளுமாக அவரை வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. 1604 நவம்பர் முதலாம் திகதி இந்த நாடகம் லண்டன் அரண்மனையில் மேடையேறியிருக்கிறது. அந்தத் தூதுவரைப் பார்த்த நினைவு லண்டன் மக்களிடம் அப்போது மங்கியிருக்காது. நம்மட ஆள் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று தட்டிவிடவும் முடியாது என்றேன். பிள்ளைக்கு முழுத் திருப்தி இல்லை.

தமிழுக்கு இந்த ஆளைக் கொண்டுவந்தவர்களுக்கும் இதே சங்கடம் இருந்திருக்கிறது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா, ஒதெல்லோவைத் தழுவி ‘உதயலன்’ என்ற நாடகத்தை எழுதினார். அதில் மூரைக் கொற்கைக்கு வந்த சிங்களவன் ஆக்கிவிட்டார். ஓர் ஊர் யாரை அந்நியன் என்று பார்க்கிறதோ அவனே அந்த ஊரின் ஒதெல்லோ என்பதை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார். இந்தக் கரைக்கும் ஷேக்ஸ்பியருக்கும் உள்ள உறவு பழையது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை அறிமுகப்படுத்தினார். அவருடைய பெயரையே ‘செகசிற்பியார்’ என்று தமிழாக்கிவிட்டவர் அவர். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோது நாங்கள் சிரித்தோம். இப்போது அந்தத் துணிச்சல் பிடிக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால், வெனிஸ் பிரபு ஒருவரின் மகள் டெஸ்டிமோனா, தந்தைக்குத் தெரியாமல் ஒதெல்லோவை மணந்துகொள்கிறாள். ஒதெல்லோ தன் துணைத் தளபதியாகக் கஸ்ஸியோ என்ற இளைஞனை நியமிக்கிறான். அந்தப் பதவியை எதிர்பார்த்திருந்த இயாகோவுக்கு வஞ்சம். போதாததற்கு, ஒதெல்லோவுக்கும் தன் மனைவிக்கும் தொடர்பு என்று எங்கோ கேட்ட ஊர்க்கதையும் அவன் மனதில் கிடக்கிறது. அது உண்மையா என்று அவனுக்கே தெரியாது. உண்மை என்றே வைத்துக்கொண்டு நடப்பேன் என்கிறான். டெஸ்டிமோனாவுக்கும் கஸ்ஸியோவுக்கும் கள்ள உறவு என்று ஒதெல்லோவை நம்பவைக்கிறான். ஒதெல்லோ தன் மனைவியைப் படுக்கையிலேயே மூச்சடைத்துக் கொல்கிறான். உண்மை தெரிந்ததும் தன்னையும் கொன்றுகொள்கிறான்.

இவ்வளவுதான் கதை. இதில் நின்று பார்க்க வேண்டிய இடம் மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி. அந்தக் காட்சி தொடங்கும்போது ஒதெல்லோ மனைவியில் உயிரையே வைத்திருக்கும் கணவன். முடியும்போது முழந்தாளிட்டு, அவளைக் கொல்வதற்குச் சத்தியம் செய்கிறான். ஒரே காட்சிக்குள் ஒரு மனிதனை இப்படிப் புரட்ட முடியுமா என்று கேட்டால், முடியும். நம் வீட்டுத் திண்ணைகளில் அது நடந்திருக்கிறது.

இயாகோ எப்படிச் செய்கிறான் என்று பாருங்கள். அவன் எதையும் நேராகச் சொல்வதில்லை. கஸ்ஸியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு விலகிப் போகிறான். அதைக் கண்டு இயாகோ தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல், இது நல்லாயில்லையே என்கிறான். என்ன சொன்னாய் என்று ஒதெல்லோ கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். பிறகு ஒரு கேள்வி: நீங்கள் காதலித்த காலத்தில் கஸ்ஸியோவுக்கு அது தெரியுமா? தெரியும் என்று பதில் வந்ததும் ‘அப்படியா’ என்று இழுக்கிறான். கேட்பவனுக்கு அந்த இழுப்பு ஒரு வெற்றிடம். அதை நிரப்பும் வேலையை ஒதெல்லோவே செய்துகொள்கிறான். சொன்னவன் இயாகோ அல்ல, கற்பனை செய்தவன் ஒதெல்லோ என்ற நிலை வந்த பிறகு, மறுப்பதற்கு அங்கே ஒரு சொல்லும் மிஞ்சியில்லை. அதோடு, பொறாமை கூடாது, கவனமாக இருங்கள் என்று புத்திமதி வேறு சொல்கிறான். நாடகம் முழுவதிலும் ஆளுக்கு ஆள் இயாகோவை ‘நேர்மையானவன்’ என்றே அழைப்பதை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்.

அடுத்து அவன் எடுக்கும் ஆயுதம் இன்னும் நுட்பமானது. உங்கள் ஊர் வேறு, இந்தப் பெண்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. வெனிஸ் பெண்கள் எல்லோரும் கணவனுக்குத் தெரியாமல் இதைத்தான் செய்வார்கள் என்கிறான். தந்தையையே ஏமாற்றித்தானே உங்களை மணந்தாள் என்றும் நினைவூட்டுகிறான். அவள் ஏமாற்றியது உண்மை. அது ஒதெல்லோவுக்காகச் செய்தது. பாதி உண்மையை எடுத்து முழுப் பொய்க்கு முட்டுக் கொடுக்கிறான். ஒதெல்லோவுக்கு வெனிஸ் பெண்களைப் பற்றி விசாரிக்க அங்கே ஒரு ராத்தா கிடையாது, மச்சி கிடையாது. சந்தேகம் வந்தால் கேட்டுத் தெளிவதற்கு அவனுக்கு இருக்கும் ஒரே ஆள், சந்தேகத்தை ஊட்டியவன்தான். இன்னொரு பக்கம், அவள் கஸ்ஸியோவுக்காகப் பரிந்து பேசப் பேச, அவளுடைய இரக்கமே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. அப்படிப் பரிந்து பேசச் சொல்லிக் கஸ்ஸியோவை அவளிடம் அனுப்பியவனும் இயாகோதான்.

ஒதெல்லோ முட்டாள் அல்ல. கண்ணால் காணும் ஆதாரம் கொண்டுவா, இல்லாவிட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று இயாகோவின் கழுத்தைப் பிடிக்கிறான். அந்த இடத்தில் வருவதுதான் கைக்குட்டை.

செம்புற்றுப் பழங்கள் பூவேலை செய்த கைக்குட்டை அது. ஒதெல்லோ மனைவிக்குக் கொடுத்த முதல் அன்பளிப்பு. தலைவலி என்று அவன் சொல்ல, அவள் அதை நெற்றியில் கட்டப்போகிறாள். அவன் தட்டிவிடுகிறான், அது கீழே விழுகிறது. அவளுடைய பணிப்பெண் எமிலியா எடுக்கிறாள். எமிலியா இயாகோவின் மனைவி. அதை எடுத்துத் தா என்று பல நாளாகக் கணவன் கேட்டுக்கொண்டிருந்தவன். எதற்கு என்று தெரியாமல், அவனைச் சந்தோஷப்படுத்தக் கொடுத்துவிடுகிறாள். சற்று நேரத்தில் இயாகோ ஒதெல்லோவிடம், அந்தக் கைக்குட்டையால் கஸ்ஸியோ தாடி துடைப்பதைக் கண்டேன் என்கிறான். அவன் இதைச் சொல்லும் நேரத்தில் கைக்குட்டை அவனிடமேதான் இருக்கிறது! சட்டைப்பையைத் தட்டிப் பார்த்திருந்தால் நாடகம் அங்கேயே முடிந்திருக்கும்.

1693இல் தோமஸ் றைமர் என்ற ஆங்கில விமர்சகர், ஒரு கைக்குட்டைக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று இந்த நாடகத்தைக் கேலி செய்து எழுதினார். மனிதர் வக்கீல் குணத்தோடு வாசித்திருக்கிறார். ஆனால் கைக்குட்டை அற்பமாக இருப்பதுதான் விஷயமே. எவ்வளவு அற்பமான பொருளும், விசாரிக்கப்படாதவரை, எவ்வளவு பெரிய குற்றத்தையும் சுமக்கும். மலையாளத்தில் ஜெயராஜ் 1997இல் ‘களியாட்டம்’ எடுத்தபோது, கதையைத் தெய்யம் ஆடுபவர்களிடையே வைத்து, கைக்குட்டையைப் பட்டுத் துணியாக்கினார். விஷால் பரத்வாஜின் ‘ஓம்காரா’வில் (2006) அது ஒட்டியாணமாகிறது. பொருள் மாறுகிறது, விசாரிக்காத மனம் மாறுவதில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு சூரா யூசுஃப் நினைவுக்கு வந்தது.

நூற்றுப் பதினொரு வசனங்கள் கொண்ட அந்த அத்தியாயத்தில் பொறாமை, துரோகம், காமம், பழி எல்லாமே இருக்கின்றன. நாம் மார்க்கச் சொற்பொழிவுகளில் அதைப் பெரும்பாலும் பொறுமைக்கும் கற்புக்கும் உதாரணமாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். சாட்சியம் பற்றிய கதையாகவும் அதை வாசிக்கலாம் என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. அதில் ஒரு சட்டை மூன்று தடவை வருகிறது. முதல் தடவை, சகோதரர்கள் யூசுஃபைக் கிணற்றில் போட்டுவிட்டு, பொய் இரத்தம் பூசிய சட்டையைத் தந்தையிடம் கொண்டுவருகிறார்கள். ஓநாய் தின்றுவிட்டது என்கிறார்கள். யஃகூப் (அலை) அதை நம்பவில்லை. ஆளைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமல் விட்டிருக்கிறதே என்று அவர் கவனித்ததாகத் தப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுவார்கள். மகனை இழந்த துக்கத்திலும் துணியைப் பார்க்க ஒரு கண் அவரிடம் இருந்தது.

இரண்டாம் தடவை, எகிப்தில். அஸீஸின் மனைவி யூசுஃபைத் துரத்துகிறாள், சட்டை கிழிகிறது, வாசலில் கணவன் நிற்கிறான். உடனே அவள் பழியை யூசுஃபின் மேல் போடுகிறாள். இயாகோவின் வேகம் அது. அவள் சொல், இவர் சொல், எதை நம்புவது? அப்போது அவளுடைய குடும்பத்திலிருந்தே ஒருவர் சாட்சி சொல்கிறார். சட்டை முன்பக்கம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்பக்கம் கிழிந்திருந்தால் அவள் பொய் சொல்கிறாள். பார்த்தார்கள், பின்பக்கம் கிழிந்திருந்தது. அந்தச் சாட்சி தொட்டில் குழந்தையா, அறிவுள்ள பெரியவரா என்று விளக்கவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அதைவிட முக்கியம், சாட்சி அவளுடைய ஆட்களில் ஒருவர் என்று குர்ஆன் எடுத்துச் சொல்வது. பழிசொன்னவளின் வீட்டிலிருந்தே ஒரு வாய் திறந்தது. அதுவும் துணியைக் குறுக்கு விசாரணை செய்யும் முறையைச் சொல்லிக்கொடுக்கத் திறந்தது.

அப்படியும் யூசுஃப் சிறைக்குப் போனார். குற்றமற்றவர் என்பதற்கான அத்தாட்சிகளைப் பார்த்த பிறகுதான் அவரைச் சிறையில் போட்டார்கள் என்று அத்தியாயமே சொல்கிறது. வீட்டின் மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. வருடங்கள் கழித்து மன்னர் விடுதலை செய்ய ஆள் அனுப்பியபோது, யூசுஃப் வெளியே வரவில்லை. கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் விஷயத்தை முதலில் விசாரியுங்கள் என்று தூதுவனைத் திருப்பி அனுப்புகிறார். விடுதலையைவிடப் பெயர் துப்புரவாவது முக்கியம் என்று நின்றார். விசாரணை நடந்தது, அவளும் உண்மையை ஒப்புக்கொண்டாள். பாரசீகத்தில் ஜாமியும், தமிழில் சாரணபாஸ்கரனும் அவளைச் சுலைகாவாக்கிக் காவியம் பாடியிருக்கிறார்கள். குர்ஆனில் அவளுக்குப் பெயர் இல்லை.

இதை வாசிக்கும்போது இஃப்க் சம்பவம் நினைவுக்கு வராமல் இருக்காது. பனூ முஸ்தலிக் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் ஆயிஷா (ரழி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்தது. தேடப் போனவர் தனித்துவிட, பின்னால் வந்த ஸஃப்வான் (ரழி) அவரை ஒட்டகத்தில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே ஒரு மாலை, இங்கே ஒரு கைக்குட்டை. ஏறக்குறைய ஒரு மாதம் மதீனா கதைத்தது. நபி (ஸல்) அவர்கள் செய்தது விசாரித்தது. வீட்டுப் பணிப்பெண் பரீராவிடம் கேட்டார்கள். குழைத்த மாவை வைத்துவிட்டுத் தூங்கிப்போகும் சின்ன வயதுப் பிள்ளை, ஆடு வந்து தின்றுவிடும், அதைத் தவிர ஒரு குறையும் கண்டதில்லை என்றார் அவர். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களிடமும் கேட்டார்கள். நபியவர்களின் மனைவியரில் ஆயிஷாவுக்கு நிகராகப் போட்டி போட்டவர் அவர்தான். அவருடைய சொந்தச் சகோதரியே அந்தக் கதையைப் பரப்பிக்கொண்டிருந்தார். பொறாமைக்கு அவரைவிடக் காரணம் உள்ளவர் யார்? அவரோ, காணாததைக் கண்டேன் என்றும் கேளாததைக் கேட்டேன் என்றும் சொல்லமாட்டேன், நல்லதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். அந்த நாட்களில் ஆயிஷா (ரழி) தன் நிலைக்கு உதாரணம் தேடியபோது, துக்கத்தில் யஃகூபின் பெயர் நினைவுக்கு வராமல், ‘யூசுஃபின் தந்தை’ என்றே சொன்னதாக ஹதீஸில் இருக்கிறது. பிறகுதான் சூரா நூரின் வசனங்கள் இறங்கின. ஒழுக்கமான பெண் மீது பழி சொல்பவர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். தவறினால் எண்பது கசையடி. அதன்பின் அவருடைய சாட்சியம் ஏற்கப்படாது. சட்டம் சுமத்தும் பாரம் பழி சொல்பவன் தலையில். ஒதெல்லோவின் சைப்ரஸிலோ, நிரூபிக்க வேண்டியவள் படுக்கையில் கிடக்கிறவள். அதற்கும் நேரம் கொடுக்கப்படவில்லை.

தமிழ் படித்தவள் என்ற முறையில் சிலப்பதிகாரத்தைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே பொருள் சிலம்பு. இயாகோ இடத்தில் பொற்கொல்லன். தான் திருடியதை மறைக்கக் கோவலனைக் காட்டிக்கொடுக்கிறான். பாண்டியன் அந்த நேரம் ஊடல் கொண்ட தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருந்த அவசரத்தில், விசாரிக்காமல் உத்தரவு போட்டுவிடுகிறான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்து, உள்ளே முத்தல்ல மாணிக்கம் என்று காட்டுகிறாள். சோதனை சரிதான். கோவலன் செத்த பிறகு. எங்களுக்குப் பக்கத்தில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும்போது வழக்குரை படிப்பார்கள். கடைசி நாளில் குளிர்த்தி. மதுரையை எரித்த கோபத்தைத் தண்ணீர் தெளித்து ஆற்றுவதற்கு வருடா வருடம் ஒரு சடங்கு. விசாரிக்காமல் விட்ட ஒரு வழக்கின் சூடு ஆறுவதற்கு எவ்வளவு காலம் எடுக்கிறது பாருங்கள்.

நான் சம்மாந்துறையைச் சேர்ந்தவள். வீரமுனை எங்களுக்கு அடுத்த ஊர். அம்பாறைக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் கடந்துபோகும் ஊர். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அகதிகளாக இருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் நம்மவர்களான ஊர்காவல் படையினரின் பெயர் சொல்லப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். எனக்கு அப்போது பத்து வயது. அந்த நாட்களில் பெரியவர்கள் கதைத்ததில் என் காதில் நின்றது ‘அவங்க எல்லாரும் இப்பிடித்தான்’ என்ற ஒரு வசனம். வேலிக்கு அந்தப் பக்கமும் அதே வசனம்தான் ஓடியிருக்கும். வெனிஸ் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் என்று இயாகோ சொன்ன இடத்தை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு அந்த ஓகஸ்ட் மாதம்தான் ஞாபகம் வந்தது. இதை இலக்கியப் பாடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இப்போது எமிலியாவிடம் திரும்ப வருகிறேன். எல்லா விமர்சகர்களும் இயாகோவையே பார்க்கிறார்கள். என் பார்வையில் நாடகத்தின் திருப்பம் எமிலியாவிடம் இருக்கிறது. கைக்குட்டையைக் காணவில்லை என்று தவித்து, எங்கே தொலைத்தேன் எமிலியா என்று டெஸ்டிமோனா கேட்கிறாள். எமிலியா தெரியாது என்கிறாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஒதெல்லோ வந்து கைக்குட்டை எங்கே என்று மனைவியிடம் கத்தும்போதும் எமிலியா அங்கே நிற்கிறாள். அப்போதும் வாய் திறக்கவில்லை. அவள் கெட்டவள் அல்ல. எசமானியை நேசிப்பவள். கணவனுக்குப் பயம், வீட்டுக்குள் வீணான பிரச்சினை வேண்டாம் என்ற எண்ணம், இது பெரிய விஷயமாகாது என்ற நம்பிக்கை. கைக்குட்டையைக் கணவனிடம் கொடுத்தேன் என்ற ஒரு வார்த்தையை அவள் அங்கே சொல்லியிருந்தால் மூன்று உயிர் மிஞ்சியிருக்கும். அதில் ஒன்று அவளுடையது.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை இத்தாலியக் கதாசிரியர் சிந்தியோ 1565இல் வெளியிட்ட தொகுதியிலிருந்து எடுத்தார். அதில் கைக்குட்டையைத் திருடுவது கணவனேதான். தன் சின்ன மகளை அவள் மடியில் கொடுத்துவிட்டு, அவள் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது இடுப்பிலிருந்து உருவுகிறான். அவனுடைய மனைவிக்கு எல்லாம் தெரியும். பயத்தில் பேசாமல் இருக்கிறாள். ஷேக்ஸ்பியர் அந்தக் கைக்குட்டையை மனைவியின் கையில் வைத்தார். மௌனமாக இருந்தவளைப் பங்காளியாக்கினார். பிறகு கடைசிக் காட்சியில் அவளுக்கு வாயையும் கொடுத்தார். வீட்டுக்குப் போ என்று கணவன் மிரட்ட மிரட்ட, எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறாள். இயாகோ அவளைக் குத்திக் கொல்கிறான். யூசுஃபின் கதையில் அந்த வீட்டுக்காரர் சொன்ன நேரத்துக்கும் எமிலியா சொன்ன நேரத்துக்கும் இடையில் ஒரு பிணம் கிடக்கிறது.

இவ்வளவையும் எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று பல நாள் யோசித்தேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்குக் கலியாணம் பேசினார்கள். நல்ல இடம். இடையில் ஒரு ஸ்கிரீன்ஷொட் ஊருக்குள் சுற்றத் தொடங்கியது. மேலே அவளுடைய பெயரும் படமும், கீழே யாரோ ஓர் ஆணோடு நடந்த வட்ஸ்அப் உரையாடல். படமும் பெயரும் யாரும் போடலாம். அந்த இலக்கம் அவளுடைய இலக்கமா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். சட்டை முன்பக்கம் கிழிந்ததா பின்பக்கம் கிழிந்ததா என்று பார்ப்பது போன்ற வேலைதான். ஒருவரும் பார்க்கவில்லை. கைக்குக் கை அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் தொழுகையில் முன் சஃப்பில் நிற்பவர்களும் இருந்தார்கள்.

மாப்பிள்ளையின் உம்மாவும் ராத்தாவும் என் வீட்டுக்கு விசாரிக்க வந்தார்கள். அதில் பிழையில்லை; கலியாணம் பேசினால் விசாரிக்கத்தான் வேண்டும். "டீச்சர், ஒங்களுக்குத் தெரியாம இரிக்காது. புள்ள எப்பிடி?" என்று கேட்டார்கள். எனக்கு அந்தப் பிள்ளையை ஆறு வருடமாகத் தெரியும். ஒரு குறையும் தெரியாது. அதோடு, அந்தப் படத்தை யார் செய்திருக்கக்கூடும் என்று என் காதுக்கு ஒரு பெயரும் வந்திருந்தது. அந்தச் சம்பந்தம் தன் வீட்டுக்கு வரவில்லையே என்ற எரிச்சல் உள்ள ஒரு பெயர். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. என் காதுக்கு வந்ததும் கதைதான். சொல்ல வேண்டியது எனக்குத் தெரிந்ததை மட்டும். நான் சொன்னது இது: "புள்ள நல்ல புள்ளதான்... இந்தக் காலத்துல யார நம்பி என்னத்தச் செல்ற." நடுவில் ஓர் இழுப்பு. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த கிழமை பேச்சு முறிந்தது.

அந்தப் பிள்ளையின் வாப்பா சண்டை பிடிக்கவில்லை. பள்ளிவாசல் நிருவாகத்திடம் போய், "எனக்கு மாப்புள வேணாம். எண்ட மகள்ட பேர மட்டும் விசாரிச்சுத் துப்புரவாக்கித் தாங்க" என்று கேட்டாராம். அந்த மனிதர் வயல் செய்பவர், எழுத்து வாசிப்பு பெரிதாக இல்லாதவர். சிறையிலிருந்து வெளியே வரமாட்டேன் என்று யூசுஃப் (அலை) நின்ற நிலை அது. விசாரணை மாதக்கணக்கில் இழுபட்டது. கடைசியில் அந்த இலக்கம் அவளுடையதல்ல என்று உறுதியானது. செய்தது யார் என்று எல்லோருக்கும் ஊகம் இருந்தும் யாரும் சொல்லவில்லை. அந்த ஆளும் இயாகோவைப் போலவே, கடைசிவரை ஒரு சொல் சொல்லவில்லை. அதற்குள் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் நிக்காஹ் முடிந்துவிட்டது.

இடையில் நான் ஒரு கடிதம் எழுதி, கையொப்பமிட்டு, நிருவாகத்துக்குக் கொடுத்தேன். ஆறு வருடம் இந்தப் பிள்ளைக்குக் கற்பித்தேன், நல்லதைத் தவிர எதையும் நான் அறியேன் என்று நாலு வரி. அதன் பிரதி ஒன்றை அவளுடைய வீட்டுக்கும் கொண்டுபோனேன். வாப்பா அதை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்து முடித்ததும் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இத அவங்க வந்த அண்டைக்குச் செல்லியிருக்கலாமே டீச்சர்?"